அடியிலிருந்து படிக்கும் அழகு

அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத் பட்டறைகளில் அளவு பிசகிய உருப்படியைத் தனியே எடுத்துவைத்து, எந்த மெஷினில், எந்த வேலையில் பிசகியது என்று சீட்டு கட்டுவார்கள். அதே எஸ்டேட்டின் ஐ.டி. கட்டடங்களில் ஜாவா எழுதுபவர்களுக்கு எக்ஸெப்ஷன்தான் அந்தச் சீட்டு. சி மொழியில் தவறு நேர்ந்தால் ஃபங்ஷன் பெரும்பாலும் -1 போல ஓர் எண்ணைத் திருப்பித்தரும். கவனிக்காவிட்டால் அதோடு போயிற்று. ஜாவாவில் பிழையே ஓர் ஆப்ஜெக்ட். தன் வகை, சேதி, வந்த வழி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, யாராவது கேட்ச் போட்டுப் பிடிக்கும்வரை மேலேறிக்கொண்டே இருக்கும்.

அது விட்டுச்செல்லும் ஸ்டாக் ட்ரேஸை எரிச்சலோடு தள்ளிவிட்டுப் போகிறோம். நிதானமாகப் படித்தால் அதன் நயம் புரியும்.

ஆர்டரிலிருந்து கஸ்டமர், கஸ்டமரிலிருந்து முகவரி, முகவரியிலிருந்து பின்கோடு என்று ஒரே வரியில் புள்ளி வைத்துக் கோத்திருக்கிறோம். 600058 வர வேண்டிய இடத்தில் நல்பாயிண்டர் எக்ஸெப்ஷன் வருகிறது. முன்பெல்லாம் வரி எண் மட்டும் கிடைக்கும். மூன்றில் எது நல் என்று நாம்தான் துழாவ வேண்டும். 2020 மார்ச்சில் வந்த ஜாவா 14, ‘கெட்அட்ரஸ் தந்தது நல், அதனால் கெட்பின்கோடைக் கூப்பிட முடியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொண்டது. அடுத்த பதிப்பில் அது கேட்காமலே கிடைத்தது.

ட்ரேஸில் வரும் ‘காஸ்டு பை’ இன்னும் சுவையானது. டேட்டாபேஸ் பிழையை ‘ஆர்டர் சேமிக்க முடியவில்லை’ என்ற வேறொரு எக்ஸெப்ஷனுக்குள் பொதிந்து அனுப்பினாலும் மூலகாரணம் கூடவே வரும். பழகியவர்களின் கண் முதலில் கடைசி ‘காஸ்டு பை’க்குத்தான் போகும். அந்தப் பகுதி மூன்று புள்ளியும் ‘23 மோர்’ என்பதுமாக முடிந்தால், ஏதோ வெட்டிவிட்டார்கள் என்று புதியவர்கள் பதறுவார்கள். எதையும் வெட்டவில்லை. மீதி 23 வரிகள் மேலே அச்சான ட்ரேஸின் கடைசி 23 வரிகளேதான். சொன்னதைத் திரும்பச் சொல்லாத சிக்கனம் அது.

2011-இல் ஜாவா 7 கொண்டுவந்த நாகரிகமும் ஒன்று உண்டு. ஃபைலைப் படிக்கும்போது ஒரு பிழை. அதை மூடப்போனால் இன்னொரு பிழை. ஃபைனலிக்குள் மூடிய காலத்தில், பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். உண்மையான காரணம் காணாமலே போகும். ட்ரை-வித்-ரிசோர்சஸில் முதல் பிழைக்கே முதலிடம். மூடும்போது வந்தது ‘சப்ரெஸ்டு’ என்ற பெயரில் அதன் கீழே அடங்கி நிற்கும். இரண்டும் தொலைவதில்லை.

ஒரு தகவல்கூடத் தவறக்கூடாது என்று இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்ததை, உள்ளே ஒன்றுமில்லாத கேட்ச் பிளாக் ஒன்று விழுங்கிவிடும். பிழையைச் சரிசெய்ய வழியில்லையென்றால் லாகிலாவது எழுதுங்கள். எழுதும்போது கெட்மெசேஜை மட்டும் கிள்ளிப் போடாமல், எக்ஸெப்ஷனை முழுசாகக் கொடுங்கள்.