சீட்டித்துணி வழி வந்த பொருளியல்

மன்றத்தின் பொன்விழா மலருக்கு அறிவொளிக் காலப் பொருளியல் மரபுகளைப் பற்றி எழுதும்படி செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வாணிபவாதம், இயற்கைவாதம், ஸ்காட்லாந்து மரபு என்ற வரிசையை நம் உறுப்பினர்களுக்கு ஒப்பிக்கத் தேவையில்லை. இவற்றை நம் சென்னைப் பரம்பரை எந்தக் கண்ணால் பார்த்தது என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் கண்ணைத் திறந்துவைத்தவர் பி. ஜே. தாமஸ் அவர்கள். வாணிபவாதத்தையும் கிழக்கிந்திய வாணிபத்தையும் பற்றி 1926-இல் நூல் வெளியிட்டு, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். அந்த வழியில் வந்த எங்கள் ஐயா, ஆடம் ஸ்மித்தை நேராகத் தொடங்கமாட்டார். முதலில் வரைபடத்தை விரித்து மசூலிப்பட்டினம், பழவேற்காடு, பரங்கிப்பேட்டை என்று கரையோரமாக விரலை ஓட்டுவார். “சரக்கு எங்கே ஏறியது என்று தெரியாதவனுக்குக் கொள்கை எங்கே இறங்கியது என்று தெரியாது” என்பார்.

அவர் சொன்னது மெய். கிழக்கிந்தியச் சரக்குக்கு ஈடாக வெள்ளி கப்பலேறுகிறதே என்று இங்கிலாந்து பதறியபோது, கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர் தாமஸ் மன் 1621-இல் மறுமொழி எழுதினார். போகும் வெள்ளியை மட்டும் பார்க்காதீர்கள், வந்த சரக்கை மறு ஏற்றுமதி செய்து ஈட்டுவதையும் சேர்த்துப் பாருங்கள் என்றார். தம் கம்பெனிக்காக வாதாடியவர்தான். ஆனாலும் வாணிபச் சமநிலையை நாட்டின் மொத்தக் கணக்காகப் பார்க்கும் பழக்கம் அந்த வாதாட்டத்தில் உரம் பெற்றது. பின்னர், அச்சிட்ட இந்தியச் சீட்டித்துணியை உடுத்த 1700-இல் தடைச் சட்டம் வந்தது. 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் சீட்டி உடைகளைக் கிழித்தார்கள். 1721-இல் தடை மேலும் இறுகியது. இந்தச் சண்டைக்கு நடுவே, 1701-இல், பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளிவந்தது. ஹென்றி மார்ட்டின் எழுதியதாக இன்று கொள்ளப்படும் அந்நூல், மலிவான இந்தியத் துணி வந்தால் நம் உழைப்பு வேறு வேலைக்கு விடுபடும் என்று துணிந்து சொன்னது. கடிகாரம் செய்வதைக் காட்டி வேலைப் பிரிவினையையும் விளக்கியது. ஸ்மித்தின் குண்டூசிக்கு 75 ஆண்டு முந்தியது இது! ஐயா இந்த இடத்துக்கு வந்துவிட்டால் மணி அடித்தது அவர் காதில் விழாது.

பிரெஞ்சு மரபில் அவருக்கு ஒரு பாரபட்சம் உண்டு. எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. கெனே, யேசுசபையார் வழி வந்த செய்திகளைக் கொண்டு, தமக்குப் பிடித்த சீனாவை 1767-இல் எழுதிக்கொண்டார். துர்கோவோ பிரான்சில் படித்து ஊர் திரும்பவிருந்த இரு சீன இளைஞர்களை நேரில் கண்டவர். நிலம், கூலி, காகிதம், நெசவு என்று அவர்கள் நாட்டைப் பற்றிக் கேள்விப் பட்டியலே எழுதிக் கொடுத்தார். செல்வம் உருவாகிப் பங்கிடப்படுவதைப் பற்றிய அவருடைய 1766-ஆம் ஆண்டு நூல் அந்த இருவருக்காகப் பிறந்தது. அந்நியரிடம் கேட்டறிய முனைந்தவர் என்பதால் எங்கள் வகுப்பில் துர்கோவுக்கே முதல் இடம்.

ஸ்மித்தின் 1776-ஆம் ஆண்டு நூலில் நான்காம் புத்தகம்தான் ஐயாவின் உரைகல். அமெரிக்கா கண்டறியப்பட்டதும் நன்னம்பிக்கை முனை வழியே கிழக்கிந்தியாவுக்குப் பாதை கிடைத்ததும் மனித வரலாற்றின் மாபெரும் நிகழ்ச்சிகள் என்கிறார் ஸ்மித். அதே மூச்சில், அந்த நாட்டு மக்களுக்கு அவற்றால் நேர்ந்த கேட்டையும் சொல்கிறார். வணிகர் கம்பெனி நாடாள்வதை அவர் கண்டித்த வேகம், 1770-இல் வங்காளப் பஞ்சம் நடந்து ஆறே ஆண்டில் வந்த நூலுக்கு உரியது.

இன்றைய நிலையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. நன்றாகக் கற்பிப்போர் இன்றும் உண்டு, நம் மன்றத்திலேயே உண்டு. ஆனாலும் ஸ்மித்தின் அந்நூலில் ஒரே ஓர் இடத்தில் வரும் ‘கண்ணுக்குத் தெரியாத கை’யை மட்டும் பிடித்துக்கொண்டு பருவம் முழுவதையும் ஓட்டிவிடுகிறார்கள். அந்தக் கை இருப்பதும் அதே நான்காம் புத்தகத்தில்தான் என்பது, அதைப் பிரித்துப் பார்த்தால்தானே தெரியும்? மாணவர் கையில் வழிகாட்டி நூல், ஆசிரியர் கையிலும் அதே வழிகாட்டி நூல். கருத்தரங்கில் மன் பெயரும் மார்ட்டின் பெயரும் திரையில் மின்னி மறைகின்றன. ஏன் எழுதினார்கள் என்று கேட்டால் தேநீர் இடைவேளை வந்துவிடுகிறது. பொன்னாடை போர்த்தத் தவறுவதில்லை. சிந்தனை வரலாற்றுத் தாளை விருப்பப் பாடமாக்கி, பிறகு யாரும் விரும்பவில்லை என்று எடுத்தும்விடுகிறார்கள். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் சீட்டித்துணித் தடையைப் பற்றிக் கேட்டேன். அது ஜவுளித் துறைக் கேள்வி, பொருளியலுக்கு வெளியே என்று பதில் வந்தது. அவையில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். பரங்கிப்பேட்டைக்குப் பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் அவர்கள்.

மன்றத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நடத்தும் கட்டுரைப் போட்டியில் நான்காம் புத்தகத்திலிருந்து ஒரு தலைப்பைக் கட்டாயமாக்குங்கள். தாமஸ் அவர்களின் 1926-ஆம் ஆண்டு நூலைத் தமிழில் கொண்டுவர ஒரு குழு அமையுங்கள். அச்சுச் செலவுக்கு முதல் நன்கொடை என்னுடையதாக இருக்கட்டும்.