வீட்டுக் கணினியில் இரயில் ஓட்ட எந்த விளையாட்டு?



போன தவணையில் படிவம் ஐந்து மாணவர்களுக்குக் கணினி விளையாட்டுகளின் நன்மை தீமைகள் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தேன். 31 தாள்கள் வந்தன. 30 தாள்களில் கண் கெடும், நேரம் வீணாகும், ஆனாலும் சிந்தனைத் திறன் வளரும் என்ற அதே மூன்று வரிகள். திருத்தித் திருத்தி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரே ஒரு பையன் மட்டும் தன் சித்தப்பா வீட்டில் இரயில் ஓட்டும் விளையாட்டு ஆடியதைச் சொல்லி, ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிந்த பிறகு பிரேக் பிடித்தால் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய்விடும், தெரிவதற்கு முன்பே பிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை நிறைய. ஆனால் நான் இரண்டு முறை படித்த தாள் அதுதான்.

மறுநாள் வந்து கேட்டான்: "டீச்சர், அப்பா ஒண்ணு வாங்கித் தர்றேன்னு சொல்றாரு. எதை வாங்குறது?" எனக்கு என்ன தெரியும்! விடுமுறையில் மூன்று வாரம் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். அதன் விளைவே இந்தத் திறனாய்வு.

முதலில் ஒரு முன்னெச்சரிக்கை. நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஒன்றை வாங்கினேன், பெயர் வேண்டாம். என் மடிக்கணினியில் அது நத்தையைவிட மெதுவாக ஊர்ந்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்ததை நான் படிக்கவில்லை. கருத்துணர்தல் கேள்வியில் மாணவர்கள் செய்யும் அதே தப்புதான். வாங்கும் முன் உங்கள் கணினியின் நினைவகம், கிராஃபிக்ஸ் கார்டு, வட்டில் மிச்சமுள்ள இடம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை விளையாட்டு வீட்டுக் கணினிக்குப் பரவலாக வந்தது 2001இல், மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் மூலம். இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல், அமெரிக்காவின் மரியாஸ் பாஸ் உட்பட ஆறு பாதைகள் அதில் இருந்தன. அதன் விற்பனை நின்று வெகுநாள் ஆனாலும் ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருள் அந்தப் பழைய பாதைகளை இன்றும் ஓட்டுகிறது. இந்திய இரயில் பிரியர்கள் தங்கள் ஊர் இஞ்சின்களையும் பாதைகளையும் அதற்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். பழைய கணினி, காசு இல்லை என்றால் இதுவே போதும். நிறுவுவதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

காசு கொடுத்து வாங்குவதில் பெரிய கை இங்கிலாந்தின் டவ்டெயில் நிறுவனம். அவர்களுடைய ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக் 2007இல் வேறு பெயரில் பிறந்தது. ட்ரெயின் சிம் வேர்ல்டு அதற்குப் பின் வந்தது. அதில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து, கதவைத் திறந்து, பிளாட்பாரத்தில் நடக்கலாம். பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் பெற்றோரே, பர்ஸைக் கவனியுங்கள். முதலில் வாங்குவது வெறும் வாசற்படி. ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு இஞ்சினுக்கும் தனித்தனி விலை. கிளாசிக்குக்கு விற்கப்படுவதை எல்லாம் கூட்டினால் பல ஆயிரம் ரிங்கிட் வரும். ஒரு பாதையை வாங்கி அதையே ஆறு மாதம் ஓட்டுகிற பிள்ளைக்கு இது சரி. கேட்பதையெல்லாம் வாங்கித் தரும் வீட்டுக்குச் சரிவராது.

ஜப்பான்காரர்களின் ஜே.ஆர். ஈஸ்ட் ட்ரெயின் சிமுலேட்டர் 2022இல் வந்தது, அதன் வழி வேறு. வரைந்த காட்சி இல்லை. உண்மையான இரயிலின் முன்னாலிருந்து எடுத்த படம் உங்கள் வேகத்துக்கேற்ப ஓடுகிறது. வேலை ஒன்றுதான்: நேரத்துக்குப் போய், குறித்த இடத்தில் நிறுத்துவது. சுலபம் என்று நினைத்தேன். முதல் நாள் ஒரு ஸ்டேஷனில்கூடச் சரியாக நிறுத்த முடியவில்லை.

மாணவர்களே, இங்கே கொஞ்சம் கவனியுங்கள். ‘சிந்தனைத் திறன் வளரும்’ என்று எழுதினால் திருத்துபவர் கண் அந்த வரியில் நிற்காது. எந்தச் சிந்தனை என்று சொல்லுங்கள். நீண்ட சரக்கு வண்டியின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. குழாயில் அழுத்தத்தைக் குறைத்தால் பிரேக் பிடிக்கும், மறுபடி ஏற்றினால் விடுபடும். ஆனால் கடைசிப் பெட்டி வரை காற்று போய்ச் சேர நேரம் ஆகும். பயந்துபோய் அடிக்கடி பிடித்துப் பிடித்து விட்டால், இறக்கத்தில் உண்மையாகத் தேவைப்படும்போது காற்று போதாது. இதை நாற்பது பெட்டிகளோடு ஒரு மலை இறக்கத்தில் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு ‘முன்யோசனை’ என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு தேடித் தரவேண்டியதில்லை. ஒரு பத்தி எழுத அதுவே போதும்.

சரி, ஒரு தமிழாசிரியை இவற்றில் என்ன குறை கண்டேன்? திணைப் பாடம் நடத்தும் கண்ணோடு பாருங்கள். நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருள் இந்த விளையாட்டுகளில் அபாரம். விடியற்காலை, மழை, பனி, கால அட்டவணை எல்லாம் உண்டு. கருப்பொருளும் உண்டு, மரம், பாலம், கைகாட்டி என்று. உரிப்பொருள்தான் இல்லை. பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் யாரையும் வழியனுப்ப வரவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கதவு திறந்தால் ஏறுகிறார்கள். இரயில் நிலையம் என்றாலே பிரிவும் காத்திருப்பும்தானே நமக்கு?

இன்னொரு குறை, நம் ஊர் இல்லை. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டர் மின்மய இரட்டைத் தண்டவாளம் போட்டு, 2025 டிசம்பரில் இ.டி.எஸ். ஜொகூர் பாருவுக்கே வந்துவிட்டது. கடையில் விற்கும் விளையாட்டுகளில் நான் தேடியவரை இந்தப் பாதை கிடைக்கவில்லை. நம் பிள்ளைகள் கார்லைல் போகும் வழியை அறிவார்கள், லாயாங்-லாயாங் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள்.

ஆகவேதான் அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் ட்ரெயின்ஸ். ஆஸ்திரேலியாவில் உருவானது, இதுவும் 2001இல் தொடங்கியதே. ஓட்டும் காட்சி மற்றவற்றைப் போல அவ்வளவு பளபளப்பு இல்லை. ஆனால் நிலத்தை உயர்த்தி, ஆறு வெட்டி, தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, நம் பாதையை நாமே உருவாக்கலாம். அதற்கான கருவி விளையாட்டோடு சேர்ந்தே வருகிறது. ஓட்டுவதற்கும் இரண்டு முறை உண்டு: பொம்மை வண்டி மாதிரி ஒரே ஒரு திருகு, அல்லது நிஜ ஓட்டுநர் அறை. தம்பி தங்கைகள் முதலில் முதலாவதில் ஆடட்டும்.

இதையும் முழுதாகப் புகழ மனம் வரவில்லை. குளுவாங்கிலிருந்து ரெங்கம் வரை பாதை போட்டுப் பார்த்தேன். சுட்டியை இழுத்தேன், சதுப்பு நிலத்தின் மேல் தண்டவாளம் ஓடியது. ஒரு நொடி. சுட்டியை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் தாத்தா ரெங்கம் பக்கம் தண்டவாள வேலையில் இருந்தவர். சிலிப்பர் கட்டையைத் தோளில் சுமந்து, ஜல்லியைக் கிளறி, கொளுத்தும் வெயிலில் ஆணி அடித்தவர். மழை நின்றதும் எந்த இடத்தில் மண் இறங்கியிருக்கும் என்று நடந்து பார்த்துக்கொண்டே போவாராம். 1909இல் ஜொகூர் வரை பாதை முடிந்தது என்று வரலாற்றுப் புத்தகம் ஒரு வரியில் சொல்லும். அதைப் பராமரித்த கைகளில் எத்தனை தமிழ்க் கைகள்! போர்க்காலத்தில் 415 கிலோமீட்டர் சயாம் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களை நினைத்தால், அந்த ஒரு நொடி நெஞ்சை அறுக்கிறது. இந்த விளையாட்டுகளில் ஓட்டுநர் உண்டு, பயணி உண்டு. தண்டவாளக் கூலி எதிலும் இல்லை.

ஆசிரியர் நண்பர்களே, இதை வகுப்பில் கேளுங்கள். ‘இந்த விளையாட்டில் யார் விடுபட்டிருக்கிறார்கள்?’ என்ற ஒரே கேள்வி. விளையாட்டே இல்லாத மாணவருக்கும் திரையில் ஐந்து நிமிடம் காட்டினால் போதும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் விசாரித்து வரச் சொல்லுங்கள். சிறுகதைக்கும் கட்டுரைக்கும் கரு அங்கிருந்து வரும்.

பையன் ட்ரெயின்ஸ்தான் வாங்கினான். ரெங்கம் வரை பாதையைப் போட்டுவிட்டானாம். ஒற்றைத் தண்டவாளமாக, பழைய காலத்து ஸ்டேஷனோடு. போன வாரம் வந்து நின்றான்: "டீச்சர், உங்க தாத்தா தங்கியிருந்த லயம் லைனுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.