பொன்னாடையும் பணி ஆணையும்

ஜனவரி இரண்டாம் வாரம் தமிழ்நாட்டின் எந்த மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போனாலும் வாசலில் கரும்பு கட்டியிருக்கும். செங்கல் அடுக்கிய அடுப்புகளில் வரிசையாகப் பானைகள் ஏறியிருக்கும். சமத்துவப் பொங்கல். அதிகாரிகள் வேட்டியில் வருவார்கள், அலுவலகப் பெண்கள் ஒரே நிறச் சேலையில் வருவார்கள், கவுன்சிலர்கள் கட்சிக் கரை போட்ட துண்டோடு வருவார்கள். காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு முடித்து, தெருக்களைக் கூட்டிவிட்டு, ஒளிரும் பட்டை தைத்த மேல்சட்டையைக் கழற்றாமலே தூய்மைப் பணியாளர்களும் வருவார்கள். பொங்கியதும் குலவை, பிறகு கோலப்போட்டிப் பரிசு, உரியடி, சிலருக்குப் பொன்னாடை, எல்லோருக்கும் வாழையிலையில் பொங்கல்.

இதை வெறும் சடங்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த மண்ணில் யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது சாதியின் அடித்தளக் கேள்வியாக இருந்திருக்கிறது. சுயமரியாதை இயக்கம் சமபந்தி விருந்தை ஒரு போராட்ட வடிவமாகவே நடத்தியது. இன்றும் சுதந்திர தினத்தன்று கோயில்களில் அரசே பொது விருந்து வைக்கிறது. அந்த வழியில் வந்ததுதான் சமத்துவப் பொங்கல். ஆண்டு முழுக்கப் பின்வாசல் வழியாக வந்து கழிப்பறையைக் கழுவிவிட்டுப் போகும் ஓர் அம்மா, அன்று முன்வாசல் வழியாக வந்து, செயற்பொறியாளர் அமர்ந்திருக்கும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருப்பார், இலையை மடியிலிருந்து இறக்கமாட்டார். ஆனாலும் அந்த இடத்தில் அவர் இருந்தார் என்பது அவரும் மறக்காத, மற்றவர்களும் மறுக்க முடியாத ஒன்றாகிவிடுகிறது.

என் கேள்வி வேறு. உள்ளாட்சி அமைப்பு தன் ஊழியரைக் கொண்டாடுகிறது என்கிறோம். கொண்டாடப்படுபவர் அந்த அமைப்பின் ஊழியர்தானா?

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1688-இல் தொடங்கிய மாநகராட்சி, இந்தியாவிலேயே பழமையானது. 2011-இல் எல்லை விரிந்து, 200 வார்டுகள், 15 மண்டலங்கள் என்றாயிற்று. குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுப்பது இங்கே 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒப்பந்தங்களும் நிறுவனங்களும் மாறிமாறி வந்தன. மண்டலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. இதனால் ஒரே நகரில் மூன்று வகைப் பணியாளர்களைப் பார்க்கலாம். பழைய நிரந்தரப் பணியாளர், தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பேரில் தினக்கூலிக்கு எடுக்கப்பட்டவர், ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். துடைப்பமும் வண்டியும் நாற்றமும் மூவருக்கும் ஒன்றுதான். ஓய்வூதியம், மருத்துவ விடுப்பு, நாளைக்கும் வேலை இருக்குமா என்ற நிச்சயம் ஆகியவைதான் வேறு. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களிலும் பணி தனியாருக்குப் போகிறது என்றபோது, 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்த மண்டலங்களின் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பலர் பத்தாண்டுக்கு மேல் அந்தத் தெருக்களைக் கூட்டியவர்கள். கையில் வரும் சம்பளம் குறையும், நிரந்தரம் என்ற பேச்சே இல்லாமல் போகும் என்றார்கள் அவர்கள். வேலை போகாது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு என்றது மாநகராட்சி. உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினர்.

மறுநாள் அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்கான நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, பணியின்போது இறந்தால் குடும்பத்துக்குக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, வீடு, சுயதொழிலுக்குக் கடன். ஒவ்வொன்றும் தேவையானதே. காலை உணவை ஏளனம் செய்தவர்கள், விடிவதற்குள் வடசென்னையின் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணின் வயிற்றைப் பற்றி யோசித்திருக்கவில்லை. இந்த மாநகராட்சிக்குச் சோறு போட்ட பெருமையும் உண்டு. 1920-இல் தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வரும் கதை அது. ஆனால் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுத்த சோறு பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது, பதிவேட்டில் பெயர் ஏற வைத்தது. இங்கே சோறு வந்தது, பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. பாராட்டு விழாக்களின் அடிப்படைக் குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கொடுப்பவரின் மனசுக்குத் தோன்றியது கொடுக்கப்படுகிறது. பெறுபவருக்கு உரியது எது என்ற பேச்சு மேடைக்கு வருவதில்லை.

இந்தக் குறை மிக அப்பட்டமாகத் தெரிவது பாதபூசையில். 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் மோடி ஐந்து தூய்மைப் பணியாளர்களின் கால்களைக் கழுவினார். அதன்பின் கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இது பரவியது. வார்டு உறுப்பினரோ, சங்கத் தலைவரோ, குடியிருப்போர் நலச் சங்கமோ நாற்காலி போட்டு உட்கார வைத்து, தாம்பாளத்தில் காலை வைக்கச் சொல்லி, மஞ்சள் நீர் ஊற்றி, பூப்போட்டுக் கும்பிட்டார்கள். நோய்க்குப் பயந்து எல்லோரும் கதவைச் சாத்திய நாளில் தெருவில் நின்றவர்களுக்கு நன்றி சொல்லத் துடித்த மனசு அதில் உண்மையாகவே இருந்தது. அதை நான் சந்தேகிக்கவில்லை.

ஆனால் அந்தப் பணியாளரின் முகத்தைப் பார்த்தால் தெரியும். தன்னைவிட வயதில் மூத்த, சாதியில் உயர்ந்தவர் என்று ஊர் சொல்லும், நாளைக்கே தன் வேலையைப் பற்றி மேஸ்திரியிடம் புகார் சொல்லக்கூடிய ஒருவர் தன் காலைத் தொடுகிறார். காலை இழுத்துக்கொள்ளவும் முடியாது, நீட்டி வைத்திருக்கவும் முடியாது. உடம்பு குறுகிப் போகிறது. வெடித்த குதிகால் கேமராவில் பதிகிறது. பெண் பணியாளர் என்றால் கூச்சம் இன்னும் அதிகம். 'வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பை அவருக்கு யாரும் தந்திருக்கமாட்டார்கள். அந்தக் காலுக்குத் தேவை முட்டியளவு பூட்ஸ். கண்ணாடிச் சில்லும் ஊசியும் கலந்த குப்பையை மிதிக்கும் காலுக்குப் பூட்ஸ் வாங்கித் தருவது அந்த அமைப்பின் கடமை. மஞ்சள் நீர் ஊற்றியபின் அந்தக் கடமை பேச்சிலிருந்தே மறைந்துவிடுகிறது. தெய்வம் என்று சொல்லப்பட்டவர் சம்பள பாக்கி கேட்டால் அதைக் காதில் வாங்குபவர்களுக்கே சங்கடமாகிறது. தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் ஊதியம் பேசுவது அற்பமாகத் தோன்றுகிறது. ஊழியரை ஊழியராக மதிப்பதற்குத் தெய்வமாக்கத் தேவையில்லை. அப்படி ஆக்கினால் அந்த மதிப்பு கெட்டே போகிறது.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 கொடியேற்றங்களில் வழங்கும் நற்சான்றிதழ்கள் இவ்வளவு மோசம் இல்லை. பெயர் சொல்லி அழைக்கிறார்கள், செய்த வேலையைச் சொல்கிறார்கள். ஆனால் யார் சிறந்தவர் என்று பரிந்துரைப்பது பெரும்பாலும் மேலதிகாரி. கேள்வி கேட்காதவர், கூப்பிட்ட நேரத்துக்கு வந்தவர் என்பதே தகுதியாகிவிட இதில் இடம் இருக்கிறது. கூட வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் பட்டியல் வேறு மாதிரி வரலாம்.

பொங்கலுக்கே திரும்பினால், அந்த விழாவில் சமத்துவம் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் ஓர் அரசாணையும் கூடவே வருகிறது. பல ஆண்டுகளாக 'சி', 'டி' பிரிவு அரசுப் பணியாளர்களுக்குப் பொங்கல் மிகை ஊதியம் 3,000 ரூபாய் வரை. தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு 1,000 ரூபாய். ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் அரசின் கணக்கிலேயே இல்லை என்பதால், இந்த ஆணை அவரைத் தொடுவதில்லை. ஒரே பானைப் பொங்கலைச் சாப்பிட்ட மூவர், பந்தியிலிருந்து எழுந்ததும் மூன்று வகையாகப் பிரிந்துபோகிறார்கள்.

இதே விழா காட்ட விரும்பும் பன்முகத்தன்மைக்கு வருவோம். விழா மேடையின் வழக்கமான ஏற்பாடு நமக்குத் தெரியும். ஒரு முக்காடு, ஒரு சிலுவைச் சங்கிலி, ஒரு குங்குமப் பொட்டு. மூவரும் சேர்ந்து பானைக்கு அரிசி போடுவார்கள், புகைப்படம் எடுக்கப்படும். மதத்தின் பேரால் ஊர்கள் பிளக்கப்படும் காலத்தில் இந்தப் படத்துக்கு மதிப்பு உண்டு. அது போதுமா என்பதுதான் கேள்வி. சென்னையில் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூட்டும் குடும்பங்களில் ஏராளமானவை தெலுங்கு பேசும் தலித் குடும்பங்கள். கொங்குப் பகுதியில் அந்த வேலை அருந்ததியர் தலையில் விழுந்தது. இந்த வீடுகளின் மொழி மேடையில் ஒலிப்பதில்லை. அதைவிட முக்கியமாக, பணிப் பிரிவுவாரியாகச் சாதிக் கணக்கு எடுத்து எந்த விழாவிலும் படிப்பதில்லை. படித்தால், குப்பைப் பணியில் பன்முகத்தன்மையே இல்லை என்பது தெரிந்துவிடும். அங்கே ஏறத்தாழ ஒரே தரப்பு மக்கள்தான் இருக்கிறார்கள். 2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தது அரசு. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. அந்த ஒதுக்கீட்டின் வழியாக அதே மாநகராட்சியில் இளநிலை உதவியாளராக, உதவிப் பொறியாளராக ஒரு பணியாளரின் மகளோ மகனோ உட்கார்ந்திருந்தால், அந்த நாற்காலிதான் என் கணக்கில் பன்முகத்தன்மை விழா.

பிரதிநிதித்துவத்தில் உள்ளாட்சிகள் காட்டியிருக்கும் முன்னேற்றத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னையின் முதல் பட்டியல் சாதி மேயரானார். அந்த இருக்கைக்கு ஒரு தலித் பெண் வர 2022 வரை, ஆர். பிரியா வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் வேலூர் மாநகராட்சிக்குக் கங்கா நாயக் என்ற திருநங்கை கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவை எந்த விழாவாலும் வந்தவை அல்ல. இட ஒதுக்கீட்டாலும் வாக்குச் சீட்டாலும் வந்தவை. ஆனால் மன்றத்தில் தெரியும் இந்த மாற்றம் வார்டு அலுவலகத்தின் சம்பளப் பட்டியலுக்கு இன்னும் இறங்கவில்லை. ரிப்பன் மாளிகைக்கு உள்ளே ஒரு தலித் பெண் மேயராகவும், வெளியே நடைபாதையில் பெரும்பாலும் தலித் பெண்கள் போராளிகளாகவும் இருந்த அந்த ஆகஸ்ட் மாதத்தை யாரும் எளிதாகக் கடந்து போகக்கூடாது. மேயரைத் தனியாகக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒப்பந்தக் கொள்கை அவர் பதவிக்கு வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

விழாவை வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு அதிக தூரம் போகவேண்டாம். கர்நாடகம் செப்டம்பர் 23-ஐ பௌரகார்மிகர் (தூய்மைப் பணியாளர்) தினமாகக் கொண்டாடுகிறது. அங்கேயும் மாலையும் பேச்சும் உண்டு. ஆனால் 2017-இலேயே ஒப்பந்தக்காரரை நீக்கிவிட்டுப் பணியாளர்களுக்கு நேரடியாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2022 ஜூலையில் பெங்களூருவில் வேலைநிறுத்தம் நடந்தது. நிரந்தரம் செய்வதாக அரசு வாக்குக் கொடுத்தது. 2025 மே நாளில் முதலமைச்சர் மேடையில் 12,000-க்கும் மேற்பட்ட பெங்களூருப் பணியாளர்களுக்கான நிரந்தரப் பணி ஆணைகள் வழங்கப்பட்டன. அந்த மேடையிலும் பூமாலை இருந்திருக்கும், பாராட்டுரை இருந்திருக்கும், அரசியல் ஆதாயமும் இருந்திருக்கும். இருக்கட்டும். வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்தை வங்கியில் காட்டிக் கடன் கேட்கலாம், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் பார்க்கலாம். அந்தக் காகிதமும் விழாவின் கொடை அல்ல, வேலைநிறுத்தம் பெற்றுத் தந்தது. விழா அதை எல்லோரும் பார்க்கும்படி கையில் கொடுத்தது. ஒரு விழாவால் செய்ய முடிந்த நல்ல வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இலேயே இந்த மாநிலம் சட்டம் போட்டது. அது உள்ளாட்சிக்கும் தினக்கூலிக்கும் எந்த அளவுக்குப் பொருந்தும் என்று நீதிமன்றங்களில் வழக்காடுவதில் அரசுகள் செலவிடும் நேரத்தைப் பணிமூப்புப் பட்டியல் தயாரிப்பதில் செலவிடலாம். பணம் இல்லை என்பது உள்ளாட்சிகளின் வழக்கமான பதில். ஓரளவு உண்மையும்கூட, சொத்து வரியையும் அரசின் பங்குத்தொகையையும் நம்பி நடக்கும் நகராட்சிக்கு நிரந்தர ஊழியர் என்றால் ஓய்வூதியச் சுமை வரை கண்முன் நிற்கும். அப்படியானால் படிப்படியாகச் செய்யலாம். ஆண்டுக்கு இத்தனை பேர் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு, பணிமூப்பு வரிசையை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டலாம்.

2022 முதல் ஏப்ரல் 14 அன்று அரசு அலுவலகங்கள் எல்லாவற்றிலும் சமத்துவ நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஊழியர்கள் வரிசையாக நின்று, கையை நீட்டி, அதிகாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறார்கள். உறுதிமொழி முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்த அலுவலகத்தில் நிரந்தரம் எத்தனை பேர், தொகுப்பூதியம் எத்தனை, தினக்கூலி எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, போன ஆண்டிலிருந்து ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை பேர் மாறினார்கள் என்பதை அங்கேயே படிக்கச் சொல்ல ஆணையருக்கு ஒரு சுற்றறிக்கை போதும். நிதி ஒதுக்கீடு தேவையில்லை.