நொடியில் ஒரு துளி

நடிகர் சூர்யா 2012இல் நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' வினாடி வினா நிகழ்ச்சியில் ஹாட் சீட்டைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய சுற்றுதான். நான்கு விடைகளை வரிசைப்படுத்த வேண்டும். சரியாகவும் வேகமாகவும் செய்தவருக்கே அந்த நாற்காலி. பேச்சு நின்றுவிடும், இசை மட்டும் படபடக்கும். குனிந்த தலைகள், பொத்தான்மேல் விரல்கள். பிறகு திரையில் பெயர்கள், எதிரே நேரம். சில நாள் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் நொடியில் ஒரு துளிதான் வித்தியாசம். இருவருக்கும் விடை தெரியும். ஒரு விரல் மட்டும் கொஞ்சம் தயங்கியிருக்கிறது. அப்படித் தோற்றவர் மனசாரக் கைதட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு.

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத் தோட்டத்து வீடுகளில், ஆஸ்ட்ரோவில் அந்தச் சுற்று ஓடிய நாள்களில் கூடமே போட்டி மேடை. பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டிய மாமா, சுவரில் சாய்ந்தபடி "பி, டி, அப்புறம் ஏ" என்று தொடையில் தட்டுவார். "இல்லங்க, 'ஏ'தான் முதல்ல!" என்று அத்தை குரல் அடுப்படியிலிருந்து வரும், தாளிக்கும் சத்தத்தையும் மீறி. ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருவரையும் முந்திவிடும். கேள்வி பழைய படத்தைப் பற்றியது என்றால் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அது பாட்டியின் கேள்வி.