கதவைத் திறப்பவருக்கும் ஓய்வு வேண்டும்

மெக்சிகோ எல்லையில் தொடங்கி கனடா எல்லையில் முடியும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலின் நீளம் ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர். நான்கைந்து மாதம் நடப்பவர்கள், ஓரடியும் எடுத்து வைக்காத ஓய்வு நாளை ‘ஜீரோ’ என்கிறார்கள். அந்த நாளைக் கழிக்க வீட்டையே திறந்துவிடும் உள்ளூர்க்காரர்களுக்கு ‘டிரெயில் ஏஞ்சல்’ என்று பெயர். விலை பேசாத இந்த உபசரிப்பு அந்தப் பாதையின் பெருமைகளில் ஒன்று. ஆனால் அளவு வைக்காததால் அதன் சுமை முழுவதும் ஒரே தோளில் இறங்குகிறது. விலை இல்லாமலே நடக்கட்டும். வரம்பு இல்லாமல் நடக்கக் கூடாது.

ஏறத்தாழ 730 கிலோமீட்டர் நடந்து தெற்குக் கலிபோர்னியாவின் அகுவா டல்சே ஊருக்கு வருபவரின் காலில் கொப்புளம், சட்டையில் உப்புப் படிவம். அடுத்துக் காத்திருப்பது மொஹாவி பாலைநிலம். குளியலும் கட்டிலும் மோட்டலிலும் கிடைக்கும். முன்னால் எந்த ஊற்று வற்றிவிட்டது, சியரா மலைகளில் பனி எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சு அங்கே கிடைக்காது. அதே ஊரின் ‘ஹைக்கர் ஹெவன்’ வீட்டில் அழுக்குத் துணியை வாங்கித் துவைத்துக் கொடுத்தார்கள், அதுவரை உடுத்த மாற்றுடை தந்தார்கள், அஞ்சலில் வந்த உணவுப் பெட்டிகளைப் பத்திரப்படுத்தினார்கள். அருகிலிருந்த ‘காசா டி லூனா’ வீட்டிலோ வந்தவர்கள் எல்லோருக்கும் பூப்போட்ட ஹவாய்ச் சட்டை கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு ஒரே வரிசையில் சாப்பாட்டுக்கு நின்றபோது யார் பணக்காரர், யார் மாணவர் என்பது தெரியவில்லை. பழகியவரின் யோசனையில் புதியவரின் பைச்சுமை குறைவதும், தளர்ந்தவர் மறுபடி தெம்பு பெறுவதும் இத்தகைய கூடத்தில்தான்.

குறை கணக்கில் இருக்கிறது. இந்தப் பாதையில் நடந்த அனுபவத்தைச் சொல்லும் ‘வைல்ட்’ நூல் 2012-லும் படம் 2014-லும் வந்தபின் கூட்டம் பெருகியது. தெற்கு முனையில் நாளொன்றுக்கு 50 பேர் என்ற அனுமதி வரம்பு 2013-லேயே வந்திருந்தாலும், அது பாதைக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அந்த ஐம்பதில் பாதிப்பேர் கதவைத் தட்டி, ஆளுக்கு மூன்று நாள் தங்கினால் ஒரே நேரத்தில் 75 பேர். தண்ணீர், கழிப்பறை, குப்பை எல்லாம் ஒரு குடும்பத்தின் தலையில். நோய் அபாயமும் உண்டு: 2022-ல் வாஷிங்டன் மாநிலப் பகுதியில் நடையாளர்களிடையே நோரோவைரஸ் பரவியது. அதற்குக் கை சானிடைசர் போதாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். நெரிசலான வீட்டில் முதலில் தட்டுப்பாடாவதும் அவைதான். மேற்சொன்ன இரண்டு வீடுகளும் 2019 பருவத்தோடு உபசரிப்பை நிறுத்தின. கூட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு குடும்பத்தின் உடல்நலத்தையும் மனத்தையும் மட்டுமே நம்பி நிற்கும் ஏற்பாடு எவ்வளவு நிலையற்றது என்பதை அது காட்டியது.

வரம்பு வைத்தால் விருந்து விடுதியாகிவிடும் என்பார்கள். ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதை இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே ‘ஆல்பெர்கே’ எனப்படும் யாத்திரிகர் தங்குமிடங்கள் பலவற்றில் ஓரிரவுதான் தங்கலாம், நோயுற்றவருக்கு விலக்கு உண்டு. நன்கொடையில் நடப்பவற்றில் விருப்பமானதைப் பெட்டியில் போடலாம். அதனால் அங்கே விருந்தோம்பல் செத்துவிடவில்லை. காட்டில் நடப்பவருக்கு இத்தனை சொகுசு எதற்கு என்பது இன்னொரு வாதம். சில நாளுக்கு ஒருமுறை ஊருக்குள் வந்து உணவு வாங்காமல் பசிபிக் பாதையை அநேகமாக எவரும் முடிப்பதில்லை; முழுத் தன்னிறைவு முதலிலிருந்தே கற்பனை. மேலும் வடக்கே இலையுதிர்காலப் பனி விழுமுன் போய்ச் சேர வேண்டியவருக்கு நீண்ட தங்கல் நட்டமே.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இத்தனை பேர் வரும் வீட்டில் அதுவும் அதிகம். காயமில்லாதவருக்கு ஒரு ஜீரோ போதும். வந்தவர் பாத்திரம் கழுவ வேண்டும், குப்பை அகற்ற வேண்டும். செலவுக்கு வெளிப்படையான உண்டியல். இவற்றை வீட்டுக்காரர் வாயால் சொல்லும்வரை காத்திருக்காமல் நடப்பவர்களே வழக்கமாக்கிக்கொள்வதுதான் முறை.