புழுவின் பசி

குழந்தைக்கு எண்ணிக்கை கற்பிக்க மிருகங்களையும் பூச்சிகளையும் அழைத்துவரும் புத்தகங்கள் அநேகம். பெரும்பாலும் அவை பாடத்தைச் சுமக்கும் கழுதைகள். முதுகில் எண்ணோ எழுத்தோ இருக்கும், வயிற்றில் பசி இராது. எரிக் கார்ல் 1969-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘பெரும் பசிக்காரப் புழு’வை நான் மதிப்பதற்குக் காரணம், அந்தப் புழுவுக்கு மெய்யாகவே பசிக்கிறது.

திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று தொடங்கி, வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சு வரை தின்கிறது. தின்ற இடமெல்லாம் தாளில் நிஜமான துளை. குழந்தை அதில் விரலை நுழைத்துத் தானே புழுவாகிவிடுகிறது. கிழமையும் எண்ணும் விளையாட்டோடு வந்து சேருகின்றன. உபாத்தியாயராக இருந்தால் சனிக்கிழமைக்கு ஆறு பண்டம் என்று எழுதியிருப்பார். கார்லோ கேக்கும் ஐஸ்கிரீமுமாகப் பத்துப் பண்டங்களைக் கொடுத்து, வயிற்றுவலியையும் கொடுக்கிறார். கணக்குத் தவறுகிறது, கதை பிழைக்கிறது.

குறையும் உண்டு. வண்ணத்துப்பூச்சியாகும் புழு பொதுவாகப் பட்டுப்புழுவைப் போலக் கூடு கட்டுவதில்லை, இங்கே கட்டுகிறது. ஆனால் இதைவிடப் பெரிய கெடுதலைச் செய்கிறவர்கள் படித்துக் காட்டும் பெரியவர்கள்தாம். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, “எத்தனை? சொல்லு!” என்று அதட்டுகிறார்கள். விரல் துளையை விட்டு வெளியே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிடலாம்.