கேள்விக்கு இடம் தராத மேடை

தெருமுனைக் கூட்டம் ஒன்றில் விளிப்பு முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை கடிகாரம் பார்த்தேன். பதினோரு நிமிடம். மாவட்டச் செயலாளர் அவர்களே, ஒன்றியச் செயலாளர் அவர்களே, வட்டச் செயலாளர் அவர்களே என்று மேடையில் இருந்த ஒவ்வொருவர் பெயரும் அடைமொழியோடு வந்தது. ஒரு பெயரை விட்டால் மறுநாள் மனத்தாங்கல். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். தலைமைப் பேச்சாளர் ஒன்பதரைக்குத்தான் ஒலிவாங்கியைப் பிடித்தார். என் பக்கத்து நாற்காலியில் ஒரு மூதாட்டி. "தண்ணி எப்ப வரும்னு சொல்லுவாராப்பா?" என்று கேட்டார். எதிர்க்கட்சித் தலைவரின் குடும்பத்தைப் பற்றி நிறையக் கேட்டோம். தண்ணீரைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது.

இதை வைத்து மேடைப்பேச்சே வீண் என்று முடிவு கட்டிவிட முடியாது. தமிழ்நாட்டில் அரசியலைப் பொதுமக்களின் சொத்தாக்கியது மேடைதான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இங்கே அரசியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில், வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் கூடிய மண்டபங்களில் நடந்தது. சுதேசி இயக்கக் காலத்தில்தான் அது தமிழில், திறந்த வெளிக்கு வந்தது. தமிழ் மேடைப்பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் இந்தத் திருப்பத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். 1908-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சைக் கேட்க ஆலைத் தொழிலாளர்கள் திரண்டார்கள். கோரல் மில் வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது. அந்தப் பேச்சுகளையே குற்றமாக்கி, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது வெள்ளையர் நீதிமன்றம். மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. பேச்சுக்கு இருந்த ஆற்றலை ஆட்சியாளர்களே அன்று எடை போட்டுக் காட்டிவிட்டார்கள்.

1951-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். எஞ்சிய நால்வருக்கும் நாட்டு நடப்பு காதுவழியாகவே போனது. பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்ட படிப்பகமும் தேநீர்க் கடையும், அவற்றின் பெரிய வடிவமான பொதுக்கூட்டமும் சேர்ந்தே இங்கே வாக்காளரை உருவாக்கின. வாக்குரிமை, இடஒதுக்கீடு, மொழி ஆகியவை பற்றிப் படிக்காத மனிதரும் கருத்துச் சொல்லும் நிலை அப்படி வந்ததுதான். மேடையின் இந்தக் கொடையைக் குறைத்துப் பேசுவது நன்றி கெட்ட செயல்.

குறை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க 1967 தேர்தலுக்குப் போக வேண்டும். அரிசிப் பஞ்சம் வாட்டிய நேரம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது அண்ணா தலைமையிலான தி.மு.க.வின் முழக்கம். இந்த முழக்கத்தை எத்தனை முறை யோசித்தாலும் அதன் வேலைப்பாடு வியக்க வைக்கிறது. நோக்கம் வேறு, உறுதி வேறு என்று அது நேர்மையாகவே பிரித்துச் சொல்கிறது. ஆனால் கேட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோனது 'மூன்று படி' என்ற சொல்லை. ஒரு படி போடவே எவ்வளவு பணம் வேண்டும், அது எங்கிருந்து வரும் என்று திடலில் யாரும் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுக்கப் போக நிதி இடம் கொடுக்கவில்லை. அண்ணா பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். லட்சியம், நிச்சயம் என்ற இயைபின் இனிமையில் கணக்கு காதில் விழாமல் போனது என்கிறேன். எதுகையும் மோனையும் நினைவில் நிற்க உதவுகின்றன. அதே வேகத்தில் ஐயத்தையும் தூங்க வைத்துவிடுகின்றன.

அதே அண்ணாவை மாநிலங்களவையில் பாருங்கள். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரிப் பூபேஷ் குப்தா கொண்டுவந்த மசோதாவை ஆதரித்து 1963-இல் பேசினார். பெயரை மாற்றினால் என்ன லாபம் என்று அவையில் குறுக்குக் கேள்வி வந்தது. நாடாளுமன்றத்தின் அவைகளை லோக் சபா, ராஜ்ய சபா என்றும், குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் அழைப்பதால் என்ன லாபம் கண்டீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அலங்காரம் ஒன்றும் இல்லை. எதிரே ஆள் உட்கார்ந்திருந்தார், கேட்டார், பதில் வந்தது. அந்தப் பதில் இன்றும் நிற்கிறது. 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் தமிழ்நாடு ஆனது. ஒரே மனிதர், ஒரே நாவன்மை. குறுக்கே கேள்வி வந்த இடத்தில் அது வாதமாகக் கூர்மை பெற்றது.

பெரியாரின் முறை இன்னொன்று. இலக்கிய நடையை ஒதுக்கிவிட்டு வீட்டுப் பேச்சில் மணிக்கணக்கில் பேசுவார். நான் சொல்வதற்காக நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள் என்பதைச் சலிக்காமல் சொல்வார். 1973 டிசம்பர் 19 அன்று, இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, உடல் நோவோடு தியாகராய நகரில் பேசியதே அவருடைய கடைசிப் பேச்சு. அவர் கருத்துகளில் பலவற்றோடு முரண்படுகிறவர்களும் இந்த ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கேட்பவரை அவர் எடைபோடும் ஆளாக நடத்தினார்.

பின்வந்தவர்கள் அடுக்குமொழியை எடுத்துக்கொண்டார்கள், இந்த மரியாதையை விட்டுவிட்டார்கள். அதைவிட வருத்தமானது, தலைவர் வருவதற்கு முன் கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க ஏவப்படும் பேச்சு. எதிர்க்கட்சியில் பெண் ஒருவர் இருந்தால் அவருடைய நடை, உடை, மணவாழ்க்கை வரை இழுக்கப்படும். எல்லாக் கட்சியிலும் இது உண்டு. தலைவர் மேடையேறியதும் நாகரிகமாகப் பேசுவார். முன்னால் பேசியவரைக் கண்டிக்க மாட்டார். இதைக் கேட்டுச் சலித்த பெண்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பாதி மக்களை விரட்டிவிட்டு நடப்பதைப் பொது விவாதம் என்று எப்படிச் சொல்வது?

கைப்பேசி இந்த நோயை முற்ற வைத்திருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சில் சுற்றுக்குப் போவது வசை இருக்கும் முப்பது நொடி மட்டுமே. அதைத் தெரிந்துகொண்டு அந்த முப்பது நொடிக்காகவே பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தொலைக்காட்சி விவாதத்திலும் கேள்வி கேட்பவர் நெறியாளர்தான். வார்டில் குடியிருப்பவருக்கு அங்கேயும் நாற்காலி கிடையாது.

வழி பெரிதாக ஒன்றும் இல்லை. விளிப்பை ஒரு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பத்து நிமிடத்துக்கு ஒரு ஒலிவாங்கியை மேடையிலிருந்து இறக்கிக் கூட்டத்துக்குள் கொடுங்கள். துண்டுச் சீட்டில் வரும் கேள்வியை வடிகட்டாமல் படியுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று நாள் குறியுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும், கூட்டம் நடத்த அனுமதி கேட்கும் ஒவ்வொரு வட்டச் செயலாளரிடமும் அந்தத் தெருக்காரர்கள் முதலில் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.